தேதி தப்பானால் பக்கம் திறக்காது

கம்ப்யூட்டரில் நெட் இருக்கிறது. ஆனால் பேங்க் பக்கம் திறக்கவில்லை, மின்கட்டணப் பக்கமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வருகிறது. உடனே வைரஸ் என்று பயந்து பிரவுசரையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறோம். அதற்கு முன்னால் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்கத் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு. பிரவுசர் அவற்றை உங்கள் கம்ப்யூட்டரின் தேதியோடுதான் ஒப்பிடுகிறது. பால் பாக்கெட் இன்றையதுதான், வீட்டுக் காலண்டர்தான் தப்பு என்றால், நல்ல பாலும் கெட்ட பாலாகத்தானே தெரியும்?

தேதி தானாக எப்படி மாறும் என்று கேட்பீர்கள். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று இருக்கும். பெரும்பாலும் சி.ஆர். 2032. அது தீர்ந்துவிட்டால், மெயின் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் தேதி ஏதோ பழைய வருஷத்துக்குப் போய்விடும். பேட்டரியை மாற்றுங்கள், செட்டிங்ஸில் நேரம் தானாக அமையும்படி வையுங்கள். எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனால் என்ன? பாஸ்வேர்டு போடும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். போலித் தளத்துக்கும் இதே எச்சரிக்கை வரலாம். தேதி சரி, மற்ற தளங்களும் சரி, ஒன்று மட்டும் மக்கர் செய்கிறதா? அந்தத் தளத்தின் சான்றிதழே காலாவதியாகியிருக்கலாம். அப்போது உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் தொடாதீர்கள்.