சீனி வருத்தமும் காப்புறுதியும்: இடையில் அறுபடக்கூடாது

(யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் தோட்டப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



காய்ச்சல் வரும், போகும். சீனி வருத்தமும் பிரஷரும் அப்படியில்லை. வந்தால் கடைசிவரை எங்களோடதான் இருக்கும். ஆகவே அதற்கான பாதுகாப்பும் இடையில் அறுந்துபோகாமல் இருக்கவேணும்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, மருந்துக்குத் தட்டுப்பாடு. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அந்த நேரம் கிளினிக் கொப்பி மடியில் இருந்தால், போன இடத்து டாக்டருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று உடனே விளங்கும். இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான்.

இன்றைக்குச் சண்டை இல்லை. ஆனால் எங்கட பிள்ளைகள் ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு வருகினம். வேலையும் இடமும் மாறும்போது பாதுகாப்பு கைவிட்டுப் போகலாம். மூன்று விஷயம் சொல்லுறன்.

முதலாவது, அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கே கிளினிக்கும் மருந்தும் இலவசம். இதுதான் எங்கட முதல் காப்புறுதி. ஊர் மாற முன்னம் பழைய கிளினிக்கில் கடிதம் வாங்குங்கோ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, மந்திகை, தெல்லிப்பளை, எது கிட்டவோ அங்கே பதியுங்கோ.

இரண்டாவது, ஈ.டி.எப். என்று சொல்லுகிற ஊழியர் நம்பிக்கை நிதியம். 1980ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டம். சம்பளத்தில் 3 வீதத்தை முதலாளி தன் கையால் கட்டவேணும். உங்கட சம்பளத்தில் வெட்டக்கூடாது. ஒரே ஒரு ஆளை வைத்திருக்கிற கடைக்கும் இந்தச் சட்டம் உண்டு. இதிலே இருதய சத்திரசிகிச்சைக்கும், சிறுநீரக மாற்றுக்கும், கண்ணுக்கு வில்லை வைப்பதற்கும் உதவி இருக்குது. சீனி வருத்தம் கடைசியில் கைவைக்கிறதும் இருதயம், சிறுநீரகம், கண் இந்த மூன்றிலுந்தானே!

ஆனால் கட்டுப்பணம் ஓடிக்கொண்டிருக்கிற அங்கத்தவருக்குத்தான் இந்த உதவி. தோட்டத்தில் சிலர் "இனி ஏலாது" என்று செக்ரோலில் பேரை வெட்டிப்போட்டு, பிறகுதான் ஒப்பரேஷனைப் பற்றி விசாரிக்கினம். டாக்டர் ஒப்பரேஷன் வேணும் என்று சொன்னால், பேரை வெட்ட முன்னம் நலன்புரி உத்தியோகத்தரைக் காணுங்கோ. கடையில் நிற்கிற பிள்ளைகளும் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கோ. முதலாளி தராவிட்டால் ஊழியர் நம்பிக்கை நிதியச் சபைக்குப் போகலாம்.

மூன்றாவது, கம்பனிக் காப்புறுதி. "சீனி இருக்குதெண்டு சொன்னால் எடுக்கமாட்டினம், மறைப்பம்" என்று நினைக்காதேயுங்கோ. மறைத்தது பிறகு தெரியவந்தால், பணம் கேட்கிற நேரத்தில் இல்லை என்று சொல்ல அதுவே காரணமாகும். உள்ளதைச் சொல்லி, எந்த வருத்தத்துக்கு உண்டு, எத்தனை மாதம் பொறுக்கவேணும் என்று எழுத்தில் வாங்குங்கோ. ஏஜென்ட் வாயால் சொல்லுவது போதாது. தவணை தவறிப் பத்திரம் காலாவதியானால், புதிதாக எடுக்கும்போது உங்கட சீனி "ஏற்கெனவே இருந்த வருத்தம்" ஆகிவிடும். ஆகவே புதியது கையில் வரமுன் பழையதை விடாதேயுங்கோ.

கிளினிக் கொப்பி, ஈ.டி.எப். இலக்கம், காப்புறுதி ரசீது, இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கோ. அந்தப் பை எங்கே இருக்குது என்று வீட்டில் இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும். வருத்தக்காரர் மயங்கிக் கிடக்கிற நேரம் அவரிட்டக் கேட்க முடியாது.