நீர்க்கடுப்பும் மருந்துக்கடையும்



நாம் வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு தொல்லையைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் நீர்க்கடுப்பு.

சிறுநீர் போகும்போது எரிகிறது. அடிக்கடி வருகிறது. போனால் சொட்டுச் சொட்டாகப் போகிறது. அடிவயிறு வலிக்கிறது. "சூடு பிடித்துவிட்டது" என்கிறோம். மோரும் இளநீரும் குடிக்கிறோம். குடிப்பது நல்லதுதான். ஆனால் பல நேரங்களில் இதற்குக் காரணம் சூடு அல்ல, கிருமி.

இந்தக் கிருமி நம் குடலில் இருக்கிறது. மலத்தோடு வெளியே வருகிறது. அங்கிருந்து சிறுநீர் வரும் வழியில் ஏறிவிடுகிறது. பெண்களுக்கு அந்த வழி மிகவும் குட்டை. சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதனால் ஆண்களைவிட நமக்கு இது அதிகம் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மருந்துக்கடையில் கேட்டால் ஒரு சிரப் தருவார்கள். தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும். எரிச்சல் குறையலாம். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. பாரசிட்டமால் மாத்திரையும் அப்படித்தான். வலியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

கூரை ஒழுகினால் அடியில் பாத்திரம் வைக்கிறோம். தரை நனையாது. ஆனால் ஓட்டை அடைபட்டதா? இல்லையே!

இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் அந்த சிரப்பைக் குடிக்கக் கூடாது. மற்றவர்களும் டாக்டரிடம் போகும்போது, சிரப் குடித்ததைச் சொல்ல வேண்டும்.

கிருமியைக் கொல்லும் மாத்திரை வேறு. அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். சிலர் கடையில் இரண்டு மாத்திரை மட்டும் வாங்கிப் போடுகிறார்கள். கிருமி முழுவதும் சாகாது. அந்த மருந்துக்கே பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. டாக்டர் சொன்ன நாள் வரை முழுவதும் சாப்பிடுங்கள்.

இப்போது நமக்கு எழுத்து தெரியும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது. இதைப் பற்றி மத்திய அரசு 2016-ல் நாடு முழுவதும் பிரசாரம் செய்தது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? குளிர்காய்ச்சல் வந்தால். விலாவுக்குக் கீழே முதுகு வலித்தால். வாந்தி எடுத்தால். சிறுநீரில் இரத்தம் கண்டால். கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிகள் லேசான எரிச்சல் என்றாலும் காத்திருக்கக் கூடாது. குறை மாதத்தில் குழந்தை பிறந்துவிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வந்தாலும், ஆண்களுக்கு வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் இரண்டு நாளில் குறையாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்துப் பாருங்கள்.

வயல் வேலைக்குப் போகிறோம். ஒதுங்க இடம் இல்லை. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறோம். கிருமிக்கு இது வசதி. தண்ணீர் நிறையக் குடியுங்கள். வந்தால் அடக்காதீர்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒருத்தி கேட்டால் கூச்சம். பத்துப் பேர் கேட்டால் பலம்.

வீட்டிலும் சொல்லுங்கள். மறைத்தால் நோய் வளரும். சொன்னால் குணமாகும்.