இரத்தத்தைக் கழுவும் இயந்திரம்



நம் முதுகுப்புறம் கைமுட்டி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. தினமும் இரத்தத்திலிருந்து அவை வடிகட்டுவது சுமார் 180 லிட்டர் நீர்! சிறுநீராகப் போவது ஒன்றரை லிட்டர்தான். மிச்சமெல்லாம் திரும்ப இரத்தத்துக்கே போகுது.

1943-இல், ஜெர்மானியர் பிடித்திருந்த ஹாலந்து நாட்டில், டாக்டர் கோல்ஃப் இந்த வேலைக்கு இயந்திரம் செய்தார். எதை வைத்து? சாசேஜுக்கு உறையாகும் செலோபேன் குழாயை வைத்து! உருளையில் அதைச் சுற்றி, உப்புநீர்த் தொட்டியில் சுழலவிட்டார். உள்ளே இரத்தம் ஓட, கழிவு வெளியே கசிந்தது. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் அதனால் பிழைத்தார்.

இன்றைய இயந்திரத்திலும் வாரம் மூன்று தடவை, நாலு மணி நேரம் படுக்கணும். சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது இனிப்புநீர் வியாதி. அடுத்தது இரத்தக் கொதிப்பு. ஆரம்பத்தில் வலியே இருக்காது. தோட்டத்து அண்ணன்மாரே, அக்காமாரே, நல்லா இருக்கும்போதே கிளினிக்குக்குப் போய் இரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளுங்க.