குடிநோயாளியும் கிராமத்தின் கடமையும்

(ஊராட்சி மன்ற அங்கத்தினர் பயிற்சி முகாமில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



குடியின் தீமையை உங்களுக்கு எடுத்துரைக்க நான் வரவில்லை. அடகு போன நகையும் தரிசாய்க் கிடக்கும் நிலமும் அதனை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குடியை நிறுத்தும் வேளையில் நேரக்கூடிய ஓர் அபாயத்தைப் பற்றியும், அதற்குரிய சிகிச்சையைப் பற்றியுமே சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்துவந்த ஒருவரை, அவருடைய நன்மையை நாடியே, உறவினர் வீட்டில் அடைத்து வைப்பதுண்டு. முதல் நாள் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது, உறக்கம் வருவதில்லை. இரண்டாம் நாளுக்குள் சிலருக்கு வலிப்புக் காண்கிறது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று அலறுகிறார். இல்லாத மனிதருடன் பேசுகிறார். பேய் பிடித்துவிட்டது என்று எண்ணிப் பூசாரியைத் தேடி ஓடுகிறார்கள். உண்மையில் அது பேயன்று. உடனே சிகிச்சை செய்யாவிடில் உயிரையே பறிக்கக்கூடிய நோய் அது.

இதன் காரணத்தைக் கூறுகிறேன். நமது மூளையில் அடக்கும் சக்தியும் கிளர்த்தும் சக்தியும் சமமாய் நின்று வேலை செய்கின்றன. சாராயம் அடக்கும் சக்தியை மிகுதிப்படுத்துகிறது. தினமும் இவ்வாறு நேரும்போது, மூளையும் அதற்கு ஈடாகக் கிளர்த்தும் சக்தியைப் பெருக்கிக்கொள்கிறது. ஆகவேதான் நேற்றுப் போதிய அளவு இன்று போதுவதில்லை. கவலை இறைத்த பெரியவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். நீர் நிறைந்த சாலினை எருதுகள் முழு வலிமையோடு இழுக்கும்போது வடம் அறுந்தால், அவை தலைகுப்புற விழும். குடியைத் திடீரென நிறுத்தும்போது மூளையின் கதியும் அதுவே.

இதனுடன் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, நாளடைவில் அது சுருங்கிக் கெட்டியாகிறது. உடலில் பி1 வைட்டமின் குறைந்து, நடையும் நினைவும் தடுமாறுகின்றன.

சிகிச்சை இரு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில் மருத்துவர் மேற்பார்வையில், நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினை ஊசி மூலம் செலுத்துவார்கள். நாள்தோறும் குடிப்பவர் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பி1 செலுத்தாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குத் தீங்கு நேரலாம்.

இரண்டாவது கட்டம் பல மாதங்கள் நீடிக்கும். குடிக்கும் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை கூறுவதும் இக்கட்டத்தில் இன்றியமையாதது. 1948இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அறிவித்த டைசல்ஃபிராம் என்னும் மருந்தும் பயன்படுகிறது. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் அவரறியாமல் சோற்றிலோ குழம்பிலோ எந்த மருந்தையும் கலந்து கொடுக்கலாகாது. இடையில் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால், எல்லாம் வீண் என்று கைவிடாதீர்கள். நீரிழிவைப் போலவே இதற்கும் நீண்ட காலக் கவனிப்பு தேவை.

இவையெல்லாம் நகரத்தில் மட்டுமே நடக்கக்கூடியவை என்று எண்ண வேண்டாம். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, காவிரிப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி கிராமத்திலேயே முகாம் அமைத்துக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. அந்த அனுபவம் 1994இல் அயல்நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. ஊரார் துணை நின்றால் கிராமத்திலும் இச்சிகிச்சை கைகூடும் என்பதை மஞ்சக்குடி காட்டியது.

அங்கத்தினர்களே! நீங்கள் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, நாள்தோறும் குடிப்பவர் நிறுத்த முன்வந்தால், அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். வலிப்போ பிதற்றலோ கண்டால் தாமதியாமல் 108 வண்டியை அழையுங்கள். 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் ஆலோசனை பெறலாம்.

இரண்டாவது, கஞ்சா, அபின் முதலியவற்றுக்கு அடிமையான இளைஞரின் பெற்றோர், வழக்கு வருமென்று அஞ்சிப் பிள்ளையை மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெறும் அடிமைக்கு, போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்திற்கும் சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. சிகிச்சையை முழுவதும் முடிக்காவிடில் அப்பாதுகாப்பு நீங்கக்கூடும். இதைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, குணமடைந்து திரும்பியவருக்கு வேலை கொடுங்கள். பெயர் சொல்லி அழையுங்கள். 'குடிகாரன்' என்னும் பட்டத்தை ஊர் மறந்தாலொழிய, அவரால் குடியை மறப்பது அரிது.

காசநோய் கண்டவரை நாம் வைவதில்லை, மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அதே கருணையைக் குடிநோயாளிக்கும் காட்டுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.