பந்தும் பணமும்



விளையாட்டில் உயர்வு தாழ்வு கிடையாது, திறமையுள்ளவன் ஜெயிப்பான் என்று சொல்லுகிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மையென்பதை அமெரிக்காவில் பிள்ளைகள் ஆடும் பேஸ்பால் பந்தாட்டத்தைக் கொண்டே நாம் பார்த்துவிடலாம்.

1955-ம் வருஷத்தில், தென் கரோலினா மாகாணம் சார்ல்ஸ்டன் நகரில், கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் லிட்டில் லீக் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். எல்லாம் 11, 12 வயதுப் பிள்ளைகள். வெள்ளையர் அணிகள் என்ன செய்தன? இவர்களோடு ஆடவே மாட்டோமென்று விலகிக்கொண்டன. எதிரி வராததால் மேலே போன பிள்ளைகளை, களத்தில் ஆடி ஜெயிக்கவில்லையென்று விதி பேசி மேற்பந்தயத்தில் தடுத்துவிட்டார்கள். ஓடினவனுக்குத் தண்டனையில்லை, நின்றவனுக்குத் தண்டனை! வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த கடைசிப் பந்தயத்தை அப்பிள்ளைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தார் "ஆட விடுங்கள்" என்று கூவியும் பலனில்லை.

இன்று அந்த நிறத்தடை இல்லை. ஆனால் வாசலில் இப்போது பணம் உட்கார்ந்திருக்கிறது. நல்ல மட்டை ஒன்றே சில நூறு டாலர் வரை ஆகிறது. ஊர் ஊராய்ப் போய் ஆடும் அணியில் சேர்ந்தால்தான் ஆள் பொறுக்குகிறவர்கள் கண்ணில் படலாம். அதற்குச் சந்தா, பயிற்சிக் கூலி, பிரயாணம், தங்குமிடம் என்று வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் எங்கே போவாள்? 2022-ம் வருஷத்து உலகப் பந்தயத்தில், இரண்டு அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பர் ஒருவர்கூட இல்லை. 1950-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

இது திறமைக் குறைவா? 1989-ல் ஜான் யங் என்னும் முன்னாள் ஆட்டக்காரர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஏழைகள் வட்டாரத்தில் ஆர்.பி.ஐ. என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அது பல நகரங்களுக்கும் பரவிற்று. அதில் ஆடி வந்தவர்கள்தான் ஜிம்மி ராலின்ஸும் சி.சி. சபாத்தியாவும். சபாத்தியா 2025-ல் புகழ் மண்டபத்திலேயே சேர்க்கப்பட்டார். மைதானமும் மட்டையும் கொடுத்த இடத்தில் திறமை எங்கிருந்து வந்தது? முன்பே இருந்தது, வழிதான் இல்லை.

ஆகவே தோழர்களே, இதைத் தர்மமென்று கருதக்கூடாது என்கிறோம். நகரசபை மைதானம், பொது மட்டைகள், பள்ளிக்கூடத்திலேயே பயிற்சி, போய்வர வண்டி ஆகிய இந்நான்கும் பிள்ளைகளின் பாத்தியதை. இவற்றைக் கொடுத்துவிட்டு, பிறகு யாருக்குத் திறமை என்று பேசட்டும்.