மண்ணுக்கடியில் பார்த்த கர்னல்



பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவரைச் சும்மா இருக்க விடுகிற வழக்கம் நம் சாத்தான்குளம் பக்கத்தில் இல்லை. கோயில் கொடைக் கணக்கோ குளத்து மடைச் சாவியோ ஏதாவது ஒன்று அவர் கைக்கு வந்துவிடும். படைவீரராக இருந்து காட்டுக்கு வந்த ஒருவரைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளையினர் கேட்டதும், பொருநை என்னும் தாமிரபரணி பிறக்கும் மலைகளோடு தொடர்புடைய ரிச்சர்ட் ஹென்றி பெட்டோமைத்தான் நினைத்தேன்.

1830இல் லண்டனில் பிறந்தவர். 1848இல், பதினெட்டு வயதில், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1857இல் வனத்துறைக்குப் போய், அதன் தலைவர் கிளெக்ஹார்னுக்கு உதவியாளரானார். பிறகு தலைமை வனப் பாதுகாவலராகி, 1882 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கர்னல் பட்டம் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். காடு வாழ வேண்டுமென்று கும்பினி வனத்துறையை அமைக்கவில்லை. கப்பலுக்குத் தேக்கு வேண்டும், ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை வேண்டும். வெட்டத் தகுந்த மரங்களை எண்ணித் தருவதுதான் பெட்டோமின் வேலை. அந்த வேலைக்குப் போன மனிதர் மரத்தடியில் குனிந்தும் பார்த்தார். நான் அவரை மதிப்பது அதற்காகத்தான்.

தென்னிந்தியப் பெரணிகளை 1860களிலேயே படங்களோடு நூலாக்கினார். அடுத்து வந்தது ‘ஃப்ளோரா சில்வாட்டிகா’, நம் காட்டு மரங்களின் பெருநூல். நம் மலையிலும் திருவிதாங்கூர் மலையிலும் மட்டுமே வளரும் செங்குரிஞ்சிக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவரே. நம் தேரிக்காட்டு முந்திரிக்கு அது உறவு மரம்.

கேடயவால் பாம்புகளில் பலவற்றை முதன்முதலில் விவரித்தவரும் அவரே. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம் அது. கூர்மூக்கால் ஈரமண்ணைத் துளைத்துக்கொண்டு மண்புழு தேடிப் போகும். வாலோ அரிவாளால் சாய்வாக வெட்டிவிட்டதுபோல் முடியும். சொரசொரப்பான அந்த முனையில் மண் அப்பிக்கொண்டு, வந்த துளையைப் பின்னாலிருந்து மூடிவிடும். எத்தனை காலடி பட்டாலும் யாருக்கும் தெரியாது.

இந்தப் பாம்புகள் துளைக்கும் மலைக்காட்டுத் தரைதான் நமக்குத் தண்ணீர் தருகிறது. சருகும் வேரும் புழு துளைத்த மண்ணும் இரண்டு பருவ மழையையும் உறிஞ்சி வைத்து மெல்ல விடுவதால் பொருநை கோடையிலும் வற்றுவதில்லை. அதன் உபரி நீர் சடையநேரிக் கால்வாயில் வந்தால்தான் நம் குளங்கள் நனையும். 2009இல் தொடங்கிய தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புத் திட்டமும் அந்த உபரியை நம்பித்தான் இருக்கிறது.

1878இல் பெட்டோம் காட்டுத் தரையில் வாழும் ஒரு கருந்தவளையையும் விவரித்தார். உடல் முழுக்கக் கறுப்பு. மார்பிலும் தொடையிலும் நெருப்புத் துண்டம்போலச் செம்மஞ்சள். தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். நெடுங்காலம் கண்ணில் படாதிருந்த அந்தத் தவளை நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் உயிரோடு இருக்கும் செய்தி 1997இல் அச்சில் வந்தது. பெட்டோம் மறைந்து அப்போது எண்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உளுத்த கட்டைகளின் அடிதான் அதன் வீடு. முன்வரிசையில் இருக்கும் படைவீரர்களே, உங்கள் பேரப்பிள்ளைகளில் ஒருவர் நாளை வேட்டைத் தடுப்புக் காவலராக அங்கே போகலாம். தவளையைப் பார்க்கக் கட்டையைப் புரட்டினால், பார்த்தபின் அது கிடந்த குழியிலேயே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். அடியிலுள்ள ஈரம் காயக் கூடாது.