பேராதனைக் கூத்தும் தோட்டத்துக் காமனும்



மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், கோடை விடுமுறை நாட்களில் நாடகத் துறையினர் தொடர்ச்சியாகப் பல நாடகங்களை மேடையேற்றும் வழக்கம் உண்டு. அக்கரப்பத்தனையில் வாழும் எமக்குக் கோடை என்னும் சொல்லே சற்று வேடிக்கையானது. தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்து, விடியற்காலையில் தேயிலைச் செடிகளின் மீது உறைபனி படியும். அதுவே எமது கோடை. தோட்டங்களில் கூத்துக்குரிய காலமும் அதுவே.

பல்கலைக்கழகம் ஒன்று நாடகத்தைத் தன் பணியாக ஏற்று நடத்திய வரலாறு நமது நாட்டுத் தமிழருக்கும் உண்டு. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. நாடகத்துக்கெனத் தமிழில் தனித் துறை எதுவும் அன்று அங்கு இருக்கவில்லை. ஆயினும் தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியிலேயே நாடகங்களை எழுதி மாணவரைக் கொண்டு நடிப்பித்து வந்தார். அவருடைய மாணவரான சு. வித்தியானந்தன் வேறு வழியில் சென்றார். 1956இல் சரச்சந்திரர் தயாரித்த 'மனமே' என்னும் சிங்கள நாடகம் பெரும் புகழ் பெற்றது. அந்நாடகத்துக்கு அடிப்படையான நாடகம என்னும் வடிவமோ தமிழ்க் கூத்தின் வழிவந்தது. நம் வீட்டு வித்து அயல் வீட்டுத் தோட்டத்தில் மரமாகிக் காய்த்ததைக் கண்டவர், தம் வீட்டு முற்றத்தைத் திரும்பிப் பாராமல் இருக்க முடியுமா? வித்தியானந்தன் மட்டக்களப்புக்குச் சென்றார்.

1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' என நான்கு கூத்துகள் பேராதனை மாணவரால் ஆடப்பெற்றன. கர்ணன் போரைப் பழக்கியவர் வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருந்த இடத்தில், கிராமத்து அண்ணாவியார் ஒருவர் ஆசானாக அமர்ந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் அது சிறிய செய்தியன்று.

கிராமத்தில் கூத்து வட்டக்களரியில் நடைபெறும். நாற்புறமும் மக்கள் அமர்ந்திருப்பர். இரவு முழுவதும் ஆட்டம் நீளும். பேராதனையிலோ மேடைக்கு ஒரே முகம். ஆகவே நாற்புறமும் திரும்பி ஆடிய ஆட்டத்தை ஒருபுறம் நோக்கித் திருப்ப வேண்டியதாயிற்று. விடிய விடிய நிகழ்ந்தது ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கிற்று. கூத்தைக் கொன்றுவிட்டார் என்று சொன்னோரும் இருந்தனர்; கூத்தைக் காப்பாற்றினார் என்று சொன்னோரும் இருந்தனர். அன்று அவ்வாறு செய்திராவிடின், இராவணேசனில் இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியராகி, அம்மண்ணின் கூத்துகளை ஆராய்ந்து நூல் எழுதும் வழி இத்தனை எளிதாகத் திறந்திராது என்பது என் எண்ணம்.

இனி, பல ஆண்டுகளாக என் உள்ளத்தில் இருந்துவரும் ஒரு கேள்விக்கு வருகிறேன். தலவாக்கலை நிலையத்தில் புகைவண்டி ஏறினால், அட்டன், நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனைச் சந்தியில் இறங்கலாம். பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகள் எங்கும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்கள் தோறும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்ற கூத்துத் தேட்டம் பக்கத்து மலைக்கு ஏன் பெரிதாக ஏறிவரவில்லை?

வித்தியானந்தனைக் குறைகூற நான் இதனைக் கேட்கவில்லை. விடையை நான் மாணவர் வரவுப் பதிவேட்டில் காண்கிறேன். மட்டக்களப்புக் கூத்துப் பேராதனைக்கு வந்தது மட்டக்களப்பு மாணவரின் காலில் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட எம்மவரின் பிள்ளைகளுக்கு, அந்நாளில் தோட்டப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்போடு கல்வி முடிவதே பெருவழக்கு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். காமன் வேடம் கட்டியவனின் மகன் பேராதனை மாணவனாக இல்லாதபோது, காமனை அங்கு அழைத்துச் செல்பவர் யார்? 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பின்வந்த ஆண்டுகளில் குடும்பங்கள் கப்பலேறியபோது பாட்டறிந்தவர்களும் உடன் போயினர்.

காமன் கூத்தை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையன்று பொட்டலில் கம்பம் ஊன்றுவர். வேடம் கட்டுவோர் அன்று முதல் விரதம் காப்பர். சிவனின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் எரிந்து சாம்பலாவதும், இரதி புலம்புவதும், மன்மதன் மீண்டெழுவதுமே கதை. பல தோட்டங்களில் பௌர்ணமியை ஒட்டிய இரவில் இரதியும் மதனும் லயம் லயமாகச் சென்று, ஒவ்வொரு வாசலிலும் ஆடிய பின்னரே பொட்டலுக்கு வருவர். இரதியாக ஆடுபவன் ஆண்மகன். ஆயினும் அவன் அழும்போது அழாத பெண்கள் இல்லை.

பாடசாலை விழாவொன்றுக்காக இதனை இருபத்தைந்து நிமிட நாடகமாக அமைக்க முனைந்தோம். பேராதனை முயற்சியே எனக்கு முன்மாதிரி. அயல் தோட்டத்தில் முதிய கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்து வந்தேன். பாட்டுகளை முழுவதும் அறிந்தவர் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவரே. அவர் மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இரதி சபையைப் பாத்து அழுவாளா, கம்பத்தைப் பாத்து அழுவாளா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. கம்பத்தைப் பார்த்தால் சபைக்கு முதுகு காட்ட நேரும். சபையைப் பார்த்தால் அவள் யாருக்காக அழுகிறாள் என்பதே மாறிவிடும். ஒருமுகமாகத் திரும்பிய ஆட்டத்தின் விலை என்ன என்பதை நூல்களில் பயின்ற எனக்கு அன்றுதான் அது கண்முன் நின்றது.

மற்றொன்றிலும் அவர் பிடிவாதமாக நின்றார். கம்பம் ஊன்றாமல், விரதம் இல்லாமல் காமனை எரிக்கலாகாது என்றார். ஆசிரியர் சிலர், "இது நாடகந்தானே" என்று வாதாடினர். நானும் முதலில் அவர்கள் பக்கமே இருந்தேன். முடிவில் அவர் சொற்படி, சிவனின் நெற்றிக்கண் திறக்கும் முன்னரே திரையை இறக்கினோம். சபையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பின்வரிசையில், கொழுந்துக் களைப்போடு வந்திருந்த தாய்மாருள் ஒருவர் இரதியின் புலம்பலைத் தாமாகவே எடுத்தார், அருகிருந்தோர் சேர்ந்துகொண்டனர். பிரதம விருந்தினர் எழுந்து செல்வதா, அமர்ந்திருப்பதா என்று அறியாமல் என்னைப் பார்த்தார். நான் அமர்ந்தே இருந்தேன்.

இன்று நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பில் ஒரு பாடம். மலையகத்துப் பிள்ளைகளும் அதனைப் பயின்று பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். அங்கே அவர்கள் காமனைச் சுருக்குவர், திருப்புவர், விளக்கொளியில் நிறுத்துவர். அதனை நான் தடுக்க மாட்டேன். வாத்தியாரின் கேள்வியையும் கையோடு கொண்டு செல்லுங்கள் என்று மாத்திரம் அவர்களிடம் சொல்கிறேன்.

அன்று இரதியாக நடித்த மாணவன் இப்பொழுது மாலை வேளைகளில் அம்முதியவரின் லயத்துக்குச் சென்று எஞ்சிய பாட்டுகளை எழுதிக்கொள்கிறான். வரும் மாசியில் பொட்டலிலேயே வேடம் கட்டப்போவதாகச் சொல்லி மூன்று நாள் விடுமுறை கேட்டான். தவணைப் பரீட்சை அதே வாரத்தில் வருகிறது. பரீட்சையைப் பின்னர் எழுதுமாறு சொல்லிக் கையொப்பமிட்டேன்.